ஒரே சட்டைப்பையில் இரண்டு சாவி

உப்பல் மெட்ரோ நிலையத்தின் படியிறங்கி, வரங்கல் பஸ்ஸுக்கு ஆட்கள் காத்து நிற்கும் இடத்தைத் தாண்டினால் ஓர் இரானி சாய் கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே கிளாஸ்கள் மோதும் சத்தத்தைவிட, கல்லாவில் இருக்கும் சின்ன ஒலிப்பெட்டியின் சத்தம்தான் அதிகம். இருபது ரூபாய் வந்தது, நாற்பது ரூபாய் வந்தது என்று ஒரு பெண் குரல் தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். குரல் கேட்டால் போதும், அடுத்த கிளாஸை நகர்த்தி வைப்பார்.

வாரத்தில் மூன்று நாளாவது நானும் எதிர்வீட்டு மாமாவும் அங்கே நிற்போம். மாமாவுக்கு 74 வயது, பூர்வீகம் கும்பகோணம் பக்கம். என்ஜிஆர்ஐ என்கிற புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தில் நில அதிர்வுக் கருவிகளைப் பழுதுபார்த்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். டீக்கு எப்போதும் சில்லறையாகத்தான் கொடுப்பார். போனில் பணம் அனுப்புவதில் அவருக்கு நம்பிக்கை வரவே இல்லை. போன வாரம் உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே கேட்டார்:

"என் பேத்தி பிஎச்டி சேரப்போறாப்பா. கிரிப்டோகிராஃபியாம். அவ அப்பன் பிட்காயின் வியாபாரம்னு நினைச்சுப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கான். நீ அந்த மாதிரி வேலையிலதானே இருக்கே? அஞ்சு வருஷம் உட்கார்ந்து அவ என்னதான் பண்ணுவா?"

பல வருடங்களாகப் பணப் பரிமாற்ற மென்பொருள்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல வரவில்லை. குறியாக்கவியல், பிட்காயினைவிட ரொம்பப் பழையது, ரொம்பப் பெரியது என்றேன். கல்லாவில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையைக் காட்டினேன். அப்போதுதான் ஒரு பையன் அதைப் படம்பிடித்து, நாலு எண்ணை அமுக்கிவிட்டுப் போனான்.

"சரி, அங்கேயிருந்தே ஆரம்பி. அவன் அமுக்கின நாலு நம்பர் எங்கே போகுது?"

நல்ல கேள்வி. அந்தப் பையன் எந்தச் செயலியைத் திறந்திருந்தாலும், பின் நம்பர் கேட்கும் அந்த ஒரு பக்கம் மட்டும் செயலியுடையது இல்லை. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ எழுதிக்கொடுத்த நிரல்துண்டு ஒன்று எல்லாச் செயலிகளுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. எண் பலகையைக் காட்டுவது அதுதான். நாலு எண்ணையும் வாங்கி, போனுக்குள்ளேயே வைத்துப் பூட்டி, பூட்டிய பொட்டலத்தைத்தான் செயலியிடம் கொடுக்கிறது. செயலிக்குப் பின் தெரியாது. பொட்டலம் செயலியின் வங்கிக்குப் போய், அங்கிருந்து என்பிசிஐக்குப் போய், கடைசியில் பையனின் வங்கிக்குப் போய்ச் சேருகிறது. வங்கியில் பின்னைச் சரிபார்ப்பதற்கென்றே தனியாக ஒரு இரும்புப் பெட்டி உண்டு, எச்எஸ்எம் என்பார்கள். அதை யாராவது நெம்பித் திறக்கப் பார்த்தால் உள்ளே இருக்கும் சாவிகளைத் தானே அழித்துக்கொள்ளும். வங்கி ஊழியருக்கும் உங்கள் பின் தெரியக்கூடாது என்பதற்குத்தான் இத்தனையும்.

"இது புதுசு இல்லையே, ஏடிஎம்முக்கும் இதே கதைதானே" என்றார் மாமா. உண்மைதான். இதில் ஹைதராபாத்துக்கே ஒரு பங்கு உண்டு. மாசப் டேங்கில் ஐடிஆர்பிடி என்று ஒரு நிறுவனம், 1996-இல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. ஒரு வங்கியின் கார்டைப் போட்டு இன்னொரு வங்கியின் ஏடிஎம்மில் பணம் எடுக்க வைத்த தேசிய நிதி இணைப்பு 2004-இல் அங்கேதான் ஆரம்பித்தது. 2009 டிசம்பரில் அதை என்பிசிஐ ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வங்கித் தொழில்நுட்பத்தில் பிஎச்டி மாணவர்களையும் அந்த நிறுவனம் உருவாக்கி வருகிறது. தன் வங்கியின் ஏடிஎம்மைத் தேடி ஹப்சிகூடா வரை நடந்த காலம் மாமாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பின் ஏன் நாலு எண் என்பதற்கும் ஒரு கதை உண்டு. லண்டனின் என்ஃபீல்டில் 1967 ஜூன் 27-இல் பணம் கொடுக்கும் இயந்திரத்தை வைத்த ஜான் ஷெப்பர்டு-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ராணுவத்தில் தனக்கு இருந்த ஆறு இலக்க எண் மாதிரி வைக்கலாம் என்று நினைத்தாராம். சமையலறை மேசையில் மனைவியிடம் கேட்டபோது, நாலுக்கு மேல் தனக்கு ஞாபகம் இருக்காது என்றாராம் அந்த அம்மா. இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாலு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 எண்கள். ரொம்பக் குறைவு. இது பின்னால் தேவைப்படும் என்று மாமாவிடம் சொல்லிவைத்தேன்.

இப்போது பூட்டு. பேத்தியின் படிப்பில் பாதி இந்தப் பூட்டைப் பற்றியதுதான்.

பையனின் போனும் வங்கியும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. முன்கூட்டியே ரகசியமாக ஒரு சாவியைக் கைமாற்றிக்கொள்ள வழியில்லை. அப்படியானால் போன் எதை வைத்துப் பூட்டும்? திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன். அமுக்கினாலே பூட்டிக்கொள்கிற ரகம். திறக்கத்தான் சாவி வேண்டும். வங்கி தன் சாவியைப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு, திறந்த பூட்டுகளை ஊர் முழுக்க இறைத்துவிடுகிறது. யார் வேண்டுமானாலும் ஒரு பூட்டை எடுத்து, டப்பாவில் சீட்டை வைத்து அமுக்கி அனுப்பலாம். பூட்டியவனாலேயே அதைத் திரும்பத் திறக்க முடியாது. சாவி வைத்திருக்கும் வங்கிதான் திறக்க முடியும். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூன்று பேர் இப்படி ஒரு பூட்டை எண்களால் செய்துகாட்டினார்கள். அவர்களின் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து ஆர்எஸ்ஏ என்கிறோம்.

"எண்ணால எப்படிப்பா பூட்டு செய்யறது?"

டீக்கடைப் பேப்பரில் 8633 என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் இது வருகிறது, எந்த இரண்டு என்று கேட்டேன். மாமா சளைக்கவில்லை. 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போனார். டீ ஆறியதுதான் மிச்சம். பிறகு 89, 97 என்று எழுதி, இதைப் பெருக்குங்கள் என்றேன். அரை நிமிடத்தில் 8633 வந்துவிட்டது. பெருக்குவது சுலபம், பிரிப்பது பாடு. பூட்டு என்பது 8633, சாவி என்பது 89-உம் 97-உம். நிஜத்தில் பழகும் பூட்டு 617 இலக்கம் கொண்ட எண். ஆராய்ச்சியாளர்கள் இதுவரை ஊரறியப் பிரித்துக்காட்டிய இவ்வகைப் பூட்டுகளில் பெரியது 250 இலக்கம். 2020 பிப்ரவரியில் நடந்தது. ஒரே ஒரு கணினிக் கருவை வைத்துச் செய்திருந்தால் சுமார் 2,700 வருடம் ஓடியிருக்கவேண்டிய வேலை அது. 617 இலக்கத்தை நெருங்க இன்றைக்கு யாராலும் முடியாது.

ஆனால் பூட்டு கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது. அந்த 10,000-த்துக்கு இப்போது வருவோம். திறந்த பூட்டு எல்லாருக்கும் கிடைக்கும் என்றோம். திருடனுக்கும் கிடைக்கும். அவன் 0000-த்திலிருந்து 9999 வரை ஒவ்வொன்றையும் தானே பூட்டிப் பார்த்து, பூட்டிய பொட்டலம் எப்படி இருக்கும் என்று பட்டியல் எழுதி வைத்துக்கொள்கிறான். கணினிக்கு அது ஒரு நொடி வேலை. பிறகு உங்கள் பொட்டலம் வழியில் சிக்கினால், பட்டியலில் அதே மாதிரி எது இருக்கிறது என்று பார்த்தால் போதும். பூட்டை உடைக்கவே இல்லை, உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது.

மாமா கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ?"

அப்போது, டப்பாவைப் பூட்டுவதற்கு முன் உள்ளே ஒரு பிடி மணலையும் அள்ளிப் போடவேண்டும். எத்தனை மணல், எந்த மணல் என்று எந்தக் கணக்கும் இல்லாமல், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. அப்படிச் செய்தால் அதே 1234-ஐ இன்று பூட்டிய டப்பாவும் நாளை பூட்டிய டப்பாவும் ஒன்றுபோல இருக்காது. திருடனின் பட்டியல் குப்பைக்குப் போகவேண்டியதுதான். திறக்கும் வங்கி மணலைக் கொட்டிவிட்டுச் சீட்டை எடுத்துக்கொள்ளும். நிஜத்தில் அந்த மணல் என்பது யாரும் ஊகிக்கமுடியாத எண்கள். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் குறியாக்கத்தில் இப்படித் தற்செயல் கலந்தே தீரவேண்டும் என்பதைக் கணிதமாக நிறுவிக் காட்டியவர்கள் ஷாஃபி கோல்ட்வாசரும் சில்வியோ மிக்காலியும். அது 1982. இருவருமே அப்போதுதான் மாணவப் பருவத்தைத் தாண்டிக்கொண்டிருந்தவர்கள். முப்பது வருடம் கழித்து 2012-க்கான டூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இந்த ஒரு பிடி மணலைத்தான் சொல்வேன்.

"பூட்டு இவ்வளவு பலமா இருந்தா அப்புறம் எப்படிப்பா தினம் தினம் பணம் போகுது?"

மதுரையில் இருக்கும் என் அக்காவின் கதையைச் சொன்னேன். மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று அவளுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. கூடவே ஒரு செயலியும். பதறிப்போய் அதைப் போனில் ஏற்றினாள். எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி வேண்டும் என்று அது கேட்டது. சரி என்று அமுக்கினாள். பதிவை உறுதிப்படுத்தப் பத்து ரூபாய் கட்டச் சொல்லி கார்டு விவரம் கேட்டது, அதையும் கொடுத்தாள். ஓடிபியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் 38,000 ரூபாய் போய்விட்டது. மறுநாள் வங்கிக் கிளையில் போய் நின்றபோது, "ஓடிபி சரியா வந்திருக்கும்மா, நீங்கதான் யாருக்கோ சொல்லியிருக்கீங்க" என்றார்கள். அக்கா இன்னமும் அதைச் சொல்லி அழுகிறாள். பணம் போனதைவிட, பொய் சொல்கிறாள் என்று பார்த்தார்களே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் சொன்னது பொய் இல்லை. ஓடிபியை அவள் சொல்லவில்லை. அவள் ஏற்றிய செயலிதான் வந்த எஸ்எம்எஸ்ஸைப் படித்து, எங்கோ இருந்த ஒருவனுக்கு அனுப்பிவிட்டது. கார்டு நம்பரைப் பூட்டிய பூட்டு உடையவில்லை, ஓடிபி வந்த வழியும் ஒழுங்குதான். பூட்டு இருந்த கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்து கிடந்தது.

உங்கள் பேத்தி அஞ்சு வருடம் என்ன செய்வாள் என்பதற்கு என்னிடம் இருக்கும் நேரான பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது மாமா என்றேன். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ரேணுகா குமார் என்ற பிஎச்டி மாணவி, பேராசிரியர் அதுல் பிரகாஷோடும் இன்னும் இரண்டு பேரோடும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். ஆய்வுப் பொருள் நம் யுபிஐ. 2020 ஆகஸ்டில் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் கட்டுரை வெளிவந்தது. அதற்கு முன் யுபிஐ நெறிமுறையை வெளியாள் யாரும் இவ்வளவு ஆழமாக அலசிப் பிரசுரித்ததில்லை.

அவர்கள் கேட்ட கேள்வி, போன் யாருடையது என்று யுபிஐக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான். மாமாவிடம் என் போனையே எடுத்துக் காட்டினேன். புதுப் போனில் முதல்முறை ஒரு யுபிஐ செயலியைத் திறக்கும்போது, உங்கள் எண்ணைச் சரிபார்க்க ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறோம் என்று சொல்லும். பிறகு எஸ்எம்எஸ் பெட்டியில் போய்ப் பார்த்தால், நீங்கள் தட்டாத ஒரு செய்தி உங்கள் பெயரில் முன்பின் தெரியாத எண்ணுக்குப் போயிருக்கும். உள்ளே படிக்கவே முடியாத நீளமான எழுத்துக்கோவை. மாமா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். அந்தக் கோவை இந்தப் போனின் அடையாளச் சீட்டு. அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்த்து, இந்தப் போனும் இந்த சிம்மும் ஒருவருடையதுதான் என்று அந்தப் பக்கம் முடிவுகட்டுகிறது. எஸ்எம்எஸ் உங்கள் சிம்மிலிருந்தே கிளம்பவேண்டும் என்பதால், இன்னொருவன் உங்களைப்போல நடிப்பது கஷ்டம். நல்ல யோசனை.

ஆனால் சில நேரம் எஸ்எம்எஸ் போகாது. சிக்னல் இருக்காது, பேலன்ஸ் இருக்காது. யுபிஐயின் முதல் பதிப்பில் அதற்கென்று ஒரு மாற்று வழி இருந்தது. எஸ்எம்எஸ் போகவில்லையா, பரவாயில்லை, உன் போன் எண்ணைத் தட்டு, ஓடிபி அனுப்புகிறோம், அதைத் தட்டினால் போதும் என்றது அது. ஜனங்களின் வசதிக்காக நல்லெண்ணத்தோடு வைத்த வழிதான். ரேணுகா குமாரின் குழு அந்த இடத்தில்தான் நின்று யோசித்தது. திருடன் தன் போனில் சிம்மே இல்லாமல் செயலியைத் திறக்கிறான். எஸ்எம்எஸ் போகாது. மாற்று வழி திறக்கிறது. அவன் உங்கள் எண்ணைத் தட்டுகிறான். ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறது. உங்கள் போனில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிய ஒரு கள்ளச் செயலி இருந்தால், அது ஓடிபியைத் திருடனுக்கு அனுப்பிவிடும். இப்போது யுபிஐயின் கணக்கில் திருடனின் போன்தான் உங்கள் போன்.

"அதுக்கு மேல என்ன? அக்கவுண்ட் நம்பர் வேணுமே" என்றார் மாமா.

வேண்டியதில்லை. இன்ன வங்கி என்று மட்டும் பட்டியலில் தொட்டால், இந்த எண்ணோடு சேர்ந்த கணக்கு எது என்று அமைப்பே தேடி எடுத்துக் கொடுத்தது. அடுத்து பின் வைக்கவேண்டும். பின் வைக்கக் கேட்டது என்ன? டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், அது காலாவதியாகும் மாதம், வருடம், அப்புறம் இன்னொரு ஓடிபி. ஓடிபி வரும் வழி ஏற்கெனவே திருடன் கையில். மற்ற இரண்டும் கார்டின் மேலேயே அச்சடித்திருப்பவை. ஓட்டலில், பெட்ரோல் பங்கில் எத்தனை பேர் கையில் கார்டைக் கொடுக்கிறோம்! உங்கள் மனதில் மட்டும் இருக்கும் எதையும் அந்த அமைப்பு எந்தப் படியிலும் கேட்கவே இல்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூட யுபிஐயைத் தொடாதவரின் கணக்கையும் இப்படி இணைத்து, காலி செய்ய முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. யுபிஐ பக்கமே போகாமல் இருந்தால் பாதுகாப்பு என்று இத்தனை நாள் இருந்தவர் அவர்.

நான் அவசரமாக அடுத்ததைச் சொன்னேன். இது பழைய பதிப்பின் கதை. ஆய்வாளர்கள் தாங்கள் கண்டதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் தெரிவித்தார்கள். அவர்கள் காட்டிய வழிகளில் முக்கியமான ஒன்று யுபிஐ 2.0-இல் அடைக்கப்பட்டது. அந்தப் பதிப்பு வந்தது 2018 ஆகஸ்ட் 16. அதே வருடம் அக்டோபரில் கூகுளும் தன் பிளே ஸ்டோரில், எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை எஸ்எம்எஸ்ஸே தொழிலாக உள்ள செயலிகள் மட்டும்தான் கேட்கலாம், சில விதிவிலக்குகள் தவிர, என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதனால்தான் இப்போது கள்ளச் செயலிகள் பிளே ஸ்டோர் வழியாக வராமல், மின்கட்டணம், கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வேஷம் போட்டு வாட்ஸப் வழியாக வருகின்றன. பெயரின் கடைசியில் ஏபிகே என்ற மூன்று ஆங்கில எழுத்து இருந்தால், யார் அனுப்பியிருந்தாலும் தொடக்கூடாது. அக்காவுக்கு அதை அனுப்பியது சொந்த மைத்துனரின் எண். அவர் போனும் முன்பே சிக்கியிருந்தது.

இந்த ஆய்வைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மரியாதை வருவது கண்டுபிடிப்பைவிட அதற்காக அவர்கள் பட்ட பாட்டை நினைத்துத்தான். யுபிஐயின் உள்விதிகள் பொதுவில் வெளியிடப்படவில்லை. ஆகவே ஏழு செயலிகளை எடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று தையலைப் பிரித்துப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்தச் செயலிகளோ அப்படிப் பிரிக்க வருபவனைத் தடுப்பதற்காகவே கட்டப்பட்டவை. கடுமையான பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டி வந்தவை. ஒன்று மூடினால் இன்னொன்றின் வழியாக, ஒரே நெறிமுறையை ஏழு கோணத்திலிருந்து பார்த்து, அதன் முழு உருவத்தை வரைந்தார்கள். நில அதிர்வு எங்கே பிறந்தது என்பதை ஏழு நிலையங்களின் கோடுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வதில்லையா, அந்த மாதிரிதான். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அவர் வாழ்நாள் முழுக்கச் சுத்தம் செய்து கொடுத்த ஊசிகள் வரைந்த கோடுகள் அல்லவா?

இந்த இடத்தில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. 1883-இலேயே ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்பவர், ராணுவச் சங்கேத முறைகளைப் பற்றி எழுதும்போது, முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கெடுதல் வரக்கூடாது, சாவி மட்டும்தான் ரகசியமாக இருக்கவேண்டும் என்று விதித்தார். அன்றிலிருந்து இன்றுவரை குறியாக்கவியலில் முதல் வகுப்பில் சொல்லித்தரும் பாடம் அது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ வழியாக 2,000 கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன. டீக்கடைக்காரர் முதல் பூ விற்கும் அம்மா வரை நம்பி நிற்கிற ஒரு பாலத்தின் வரைபடம் பொதுவில் இருக்கவேண்டும். ஓட்டை இருந்தால் சொல்ல வருபவரை வரவேற்க ஒரு வாசல் இருக்கவேண்டும். ஒரு மாணவி செயலிகளைப் பிரித்து மேய்ந்துதான் அந்த வரைபடத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரைப்போல நல்லெண்ணம் இல்லாதவனும் அதே வேலையைச் செய்யலாம். அவன் கட்டுரை எழுதமாட்டான்.

"அப்போ பேத்தி திருடன் மாதிரி யோசிக்கப் போறான்னு சொல்லு" என்றார் மாமா.

திருடன் யோசிப்பது ஒரு வீட்டுக்குள் நுழைய. இவள் யோசிக்கவேண்டியது ஊரில் உள்ள எல்லா வீட்டுக்குமாக. அதுவும் தன் சொந்தக் கணக்கை, தன் சொந்தப் போனை வைத்து. அடுத்தவர் பணத்தைத் தொடாமல். கண்டதைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்துவிட்டு அப்புறம் ஊருக்குச் சொல்லி. முதல் வருடம் முழுக்க மற்றவர்கள் எழுதியதைப் படிப்பாள். பிறகு ஏதோ ஒரு அமைப்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று, இங்கே யார் யாரை நம்புகிறார்கள், எதை வைத்து நம்புகிறார்கள், அது வேறொருவன் கையில் சிக்குமா என்று கேட்பாள். மாதக்கணக்கில் ஒன்றும் அகப்படாது. மாலையில் வீட்டுக்குப் போன் செய்தால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களில் நீங்கள் அவளிடம் எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள் மாமா என்றேன். தலையாட்டினார்.

இரண்டாவது டீ வந்தது. மாமா தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "எதுக்கெல்லாம் எஸ்எம்எஸ் அனுமதி குடுத்திருக்கேன்னு பார்த்துச் சொல்லு." அமைப்புகளுக்குள் போய், தனியுரிமையைத் தொட்டு, அனுமதி மேலாளரில் எஸ்எம்எஸ் என்ற வரியைத் திறந்தோம். நாலு செயலிகள் இருந்தன. மூன்று, போனோடு வந்தவை. நாலாவது ஒரு டார்ச் விளக்கு. யாரோ பையன் எப்போதோ ஏற்றிக் கொடுத்ததாம். விளக்குக்கு எதற்கு எஸ்எம்எஸ்? அதை அங்கேயே நீக்கினோம். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யவேண்டும் என்பதையும் சொல்லி, எண்ணைச் சேமித்துக் கொடுத்தேன். வங்கியில் மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கவேண்டும் என்பதையும் சொன்னேன். உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, மூன்றாம் ஆளின் வேலை என்றால், அந்தக் கெடுவுக்குள் சொன்னவருக்கு இழப்பு இருக்கக்கூடாது என்று 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை விதித்தது. அக்காவுக்கு இது அன்றைக்குத் தெரியாது.

மாமா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு சாவி இருந்தாதான் திறக்கும்னு பேங்க்ல சொல்றான். பின் ஒரு சாவி, ஓடிபி ஒரு சாவி. ஆனா பின்னைத் தட்டறதும் இந்தப் போன்லதான், ஓடிபி வரதும் இந்தப் போன்லதான். ரெண்டும் ஒரே சட்டைப்பைல இருந்தா, அது எப்படிப்பா ரெண்டு சாவி?"

அந்த ஆய்வுக் கட்டுரையைப் படிக்காமலே அதன் நடுப்பகுதிக்கு வந்து நின்றுவிட்டார். இதற்கு இன்னும் முழுசாகப் பதில் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். கைரேகை, தனிச் சில்லு, சிம்மோடு பிணைப்பது என்று பல வழிகளில் முயன்றுகொண்டிருக்கிறார்கள். கார்டும் கம்ப்யூட்டரும் தனித்தனியாக வைத்திருப்பவருக்கு விடை சுலபம். ஒரே ஒரு மலிவு போன், அதையும் வீட்டில் மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், அவர்களுக்கு எப்படி இரண்டு சாவி கொடுப்பது என்பதுதான் கஷ்டம். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

"இதை அப்படியே எழுதிக் குடு. ராத்திரி பேசும்போது அவகிட்ட கேட்கணும்" என்றார். 8633 எழுதியிருந்த பேப்பரின் மறுபக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு டீக்கும் சில்லறையை எண்ணிக் கல்லாவில் வைத்தார்.